செகீனின் குதிரைப்படையில் சேர்ந்தவர்கள் யாருக்காகப் போரிட்டார்கள்?

வாசகர் கேள்வி — மார்ச் 3, 2024

அலமோ கோட்டைப் போரைப் பற்றிப் படித்தவற்றிலெல்லாம் ஒருபுறம் அமெரிக்கக் குடியேறிகள், மறுபுறம் மெக்சிகோ ராணுவம் என்றே இருந்தது. அண்மையில்தான் ஜுவான் செகுயின் என்ற பெயரைக் கண்டேன். 1836இல் டெக்சாஸ் விடுதலைக்காகப் போரிட்ட இந்த மெக்சிகர், 1842இல் மெக்சிகோப் படையோடு சேர்ந்து அலமோ இருக்கும் சான் அன்டோனியோ ஊருக்குள் நுழைந்தாராம். அவர் பெயரில் ஓர் ஊரும் சிலையும் இருக்கின்றனவாம். இரண்டு பக்கமும் நின்ற ஒருவரைப் பச்சோந்தி என்று சொல்லாமல் வீரர் என்று எப்படிச் சொல்வது?

மார்ச் 4

பச்சோந்தி என்ற சொல்லைச் சில வாரங்கள் ஒத்திவைக்க வேண்டுகிறேன். தாங்கள் சொன்ன இரண்டு செய்திகளும் உண்மை. ஆனால் அவற்றுக்கு இடையில் ஆறு ஆண்டுகள் இருக்கின்றன, அவற்றுக்கு முன்னால் ஒரு முழு ஊரின் கதை இருக்கிறது.

நான் சான் அன்டோனியோவில் பதினோராண்டு குடியிருந்தவன். செகீன் (தாங்கள் செகுயின் என்று எழுதியவர்) 1806 அக்டோபர் 27இல் இந்த ஊரில் பிறந்தபோது இது ஸ்பெயின் மன்னரின் ஆட்சியில் இருந்தது. ஊரின் பெயரும் சான் அன்டோனியோ தே பேஹார். 1821இல் மெக்சிகோ விடுதலை பெற்றபோது அவருக்கு வயது பதினைந்து ஆகவில்லை. 1836இல் டெக்சாஸ் தனிக் குடியரசானபோது இருபத்தொன்பது. 1845 டிசம்பரில் டெக்சாஸ் அமெரிக்க ஒன்றியத்தில் இணைந்தபோது முப்பத்தொன்பது. நாற்பது வயதுக்குள் அவர் பிறந்த வீட்டின் மேல் நான்கு நாடுகளின் கொடி பறந்துவிட்டது. இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவரிடம் "எந்தப் பக்கம்" என்று கேட்பவர், எந்த ஆண்டில் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அவரைப் போன்ற, டெக்சாஸ் மண்ணிலேயே ஸ்பானிய மொழி பேசி வளர்ந்தவர்களை டெஹானோ என்பார்கள். 1718இல் பேஹார் உருவானது; 1731இல் கனேரித் தீவுகளிலிருந்து குடும்பங்கள் வந்து சேர்ந்தன. ஸ்டீபன் ஆஸ்டின் முந்நூறு அமெரிக்கக் குடும்பங்களைக் கொண்டுவந்தது அதற்கும் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு. ஆகவே இந்தக் கதையில் குடியேறிகள் யார், மண்ணின் மக்கள் யார் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். (அதற்கும் முன்பிருந்த பழங்குடியினர் இதைக் கேட்டால் சிரிப்பார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.)

மார்ச் 4, இரவு

உச்சரிப்பைப் பற்றி ஒரு சொல். ஸ்பானிய மொழியில் ஜுவான் என்பது ஹுவான், செகுயின் என்பது செகீன். இதைத் திருத்துகிற தகுதி எனக்கும் அதிகமில்லை. முதல் ஓராண்டு முழுவதும் நான் இந்த மாவட்டத்தின் பெயரை "பெக்சார்" என்று அழுத்தந்திருத்தமாகச் சொல்லிவந்தேன். எதிரே நின்றவர்கள் புன்னகைத்தார்களே தவிர ஒருவரும் திருத்தவில்லை. இன்றைய ஊர்க்காரர்கள் கரடியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் போல "பேர்" என்கிறார்கள். பழைய ஸ்பானிய வழக்கையொட்டி நான் பேஹார் என்றே எழுதுகிறேன்.

மார்ச் 6

இன்று அலமோ வீழ்ந்த நாள். ஆகவே செகீனை நிறுத்திவிட்டு அவருடைய படையில் சேர்ந்த ஒரு சாதாரணத் தன்னார்வலரைப் பற்றி எழுதுகிறேன். தலைவரைவிட இவரே எனக்கு நெருக்கமானவர்.

என் மகள் நான்காம் வகுப்பு படித்தபோது, அலமோவில் இருந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்து அட்டையில் படம் வரைந்து வரச் சொன்னார்கள். மற்ற பிள்ளைகள் கோட்டையில் இருந்த புகழ்பெற்ற அமெரிக்கர்களான பௌயி, கிராக்கெட், டிராவிஸ் என்று முந்திக்கொள்ள, வரிசையின் கடைசியில் நின்ற இவளுக்குக் கிடைத்தது கிரெகோரியோ எஸ்பார்சா. அட்டையை ஒட்டிக்கொடுத்தவன் என்ற முறையில் அவரைப் பற்றி நானும் படிக்க நேர்ந்தது.

எஸ்பார்சாவும் பேஹாரில் பிறந்தவர்தான். 1835 அக்டோபரில் செகீன் திரட்டிய குதிரைப்படையில் தன்னார்வலராகச் சேர்ந்தார். 1836 பிப்ரவரி 23இல் மெக்சிகோ அதிபர் சாந்தா அன்னாவின் படை ஊரை நெருங்கிய செய்தி வந்தபோது, ஊரை விட்டு வெளியேற அவர் எதிர்பார்த்திருந்த வண்டி வந்து சேரவில்லை. மனைவி ஆனாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மாலையில் அலமோவுக்குப் போனார். கதவுகள் அடைக்கப்பட்டிருந்தன, தேவாலயத்தின் சன்னல் வழியாகக் குடும்பத்தை உள்ளே ஏற்றினார்கள். அப்போது எட்டு வயதாக இருந்த மகன் என்ரிக்கே, எழுபது வயதைக் கடந்த பிறகு 1900களின் தொடக்கத்தில் செய்தியாளர்களிடம் சொன்ன விவரங்கள் இவை.

பதின்மூன்றாம் நாள் விடியும் முன் கோட்டை வீழ்ந்தது. எஸ்பார்சா பீரங்கியருகே இறந்தார். உயிர் பிழைத்த பெண்களைச் சாந்தா அன்னாவின் முன் நிறுத்தி, ஆளுக்கு ஒரு கம்பளியும் இரண்டு வெள்ளி நாணயமும் கொடுத்து அனுப்பினார்கள்.

கோட்டைக்குள் இறந்தவர்களின் உடல்களைக் குவித்து எரிக்கச் சாந்தா அன்னா ஆணையிட்டார். எரியாமல் மண்ணுக்குள் போனது ஒரே ஓர் உடல் என்பார்கள்; அது கிரெகோரியோ எஸ்பார்சாவினுடையது. காரணம், அவரை எதிர்த்துப் போரிட்ட அவருடைய சொந்தச் சகோதரர் எதிர்ப்படையில் இருந்தார், அவர் கேட்டு வாங்கினார்.

மார்ச் 7

மேலே எழுதிய கடைசி வாக்கியத்தைத் திருத்த வேண்டும். மகளின் அட்டையில் எழுதிக்கொடுத்ததும் இதே பிழைதான்.

சகோதரர் பிரான்சிஸ்கோ எஸ்பார்சா மெக்சிகோ ராணுவத்தின் உள்ளூர்க் காவற்படையில் இருந்தது உண்மை. 1835 டிசம்பரில் டெக்சாஸ் கிளர்ச்சிப்படை பேஹாரை முற்றுகையிட்டபோது இருவரும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்ததும் உண்மை. அதில் மெக்சிகோ ஜெனரல் கோஸ் சரணடைந்தபோது, பிரான்சிஸ்கோ படையோடு தெற்கே போகாமல் ஊரிலேயே தங்கிவிட்டார். மார்ச் 6இல் அவர் அலமோவைத் தாக்கவில்லை. தேவைப்பட்டால் அழைப்போம், ஆயத்தமாக இருங்கள் என்று உள்ளூர் வீரர்களுக்குச் சொல்லியிருந்தார்கள், அழைப்பு வரவில்லை என்று 1859இல் அவரே வாக்குமூலம் அளித்திருக்கிறார். போர் முடிந்ததும் கோஸிடம் அனுமதி பெற்று, உடன்பிறந்தவர்களோடு போய்ப் பிணங்களுக்கு இடையில் தேடி, மார்பில் குண்டுக் காயமும் விலாவில் வாள் காயமுமாகக் கிடந்தவரைக் கண்டெடுத்து, சான் பெட்ரோ ஓடைக்கு மேற்கே இருந்த கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்.

அண்ணன் தம்பி ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள் என்னும் கதை கேட்க நன்றாயிருக்கிறது. ஒருவர் மதிலுக்குள் பதின்மூன்று நாள் இருக்க, மற்றவர் ஆற்றுக்கு மறுகரையில் அழைப்பு வருமோ என்று காத்துக்கொண்டிருந்தார் என்பது நடந்தது. இரண்டாவதே எனக்குக் கூடுதலாக வலிக்கிறது.

அந்த வாக்குமூலம் எதற்காக என்பதையும் சொல்ல வேண்டும். கிரெகோரியோவின் வாரிசுகளுக்குச் சேர வேண்டிய நிலத்துக்காக. டெக்சாஸ் அரசு மூன்று மாதச் சேவைக்கு 320 ஏக்கர், அலமோவில் இறந்தவர்களின் வாரிசுகளுக்கு 640 ஏக்கர் என்று அறிவித்திருந்தது. தகப்பன் செத்து இருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் அங்கேதான் செத்தார் என்பதற்கு எதிர்ப்படையில் இருந்த சிற்றப்பனோ பெரியப்பனோ சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

மார்ச் 10

"மெக்சிகோக் குடிமக்களாயிருந்துகொண்டு மெக்சிகோவுக்கு எதிராக ஏன் படை திரட்டினார்கள்?" என்ற துணைக்கேள்விக்கு.

1835இல் அவர்கள் மெக்சிகோவுக்கு எதிராகப் படை திரட்டவில்லை. 1824ஆம் ஆண்டு அரசியலமைப்பு மாநிலங்களுக்குத் தன்னாட்சி அளித்தது. அதை எழுதிய பேரவையில் டெக்சாஸின் பிரதிநிதியாக இருந்தவர் செகீனின் தந்தை எராஸ்மோ. 1835இல் சாந்தா அன்னா அதைக் கலைத்து அதிகாரத்தை எல்லாம் தலைநகரில் குவித்தார். எதிர்த்த சக்காத்தேகாஸ் மாநிலம் அவ்வாண்டு மே மாதம் நசுக்கப்பட்டது. டெக்சாஸ் பகுதி அடங்கியிருந்த கோவாவிலா இ தேஹாஸ் மாநிலத்தின் ஆளுநருக்கு ஆதரவாகச் செகீன் ஊர்ப்படையோடு மோன்குளோவாவுக்குப் போனார். ஆஸ்டினிடமிருந்து கேப்டன் பதவி பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு நடந்தது இது.

ஆக, செகீனின் ஆட்கள் சேர்ந்தது ஒரு கூட்டாட்சிக் கிளர்ச்சியில். அது தனிநாட்டுப் போராக மாறியது பிறகு. 1836 மார்ச் 2இல் விடுதலை அறிவிப்பு வெளியானபோது அலமோ முற்றுகையில் இருந்தது. எஸ்பார்சா போன்றவர்கள் அந்த அறிவிப்பைப் பற்றித் தெரியாமலே இறந்தார்கள். கையொப்பமிட்ட ஐம்பத்தொன்பது பேரில் டெக்சாஸ் மண்ணில் பிறந்தவர்கள் இருவரே. ஹோசே அன்டோனியோ நவாரோ, ஹோசே பிரான்சிஸ்கோ ரூயிஸ் ஆகிய இருவரும் பேஹார்க்காரர்கள்.

விடுதலை அறிவிப்போடு உடன்படாமல் விலகியவர்களும் உண்டு. விக்டோரியா ஊரின் பிளாசிதோ பெனவிதேஸ் பண்ணையாட்களைத் திரட்டிக்கொண்டு பேஹார் முற்றுகைக்கு வந்தவர். மெக்சிகோப் படை வடக்கே வருகிறது என்ற எச்சரிக்கையைக் கோலியாத் ஊருக்குக் கொண்டுசேர்த்தவரும் அவரே. ஆனால் 1824இன் அரசியலமைப்புக்காகவே போரிட்டேன், தனிநாட்டுக்காக அல்ல என்று ஒதுங்கினார். வென்ற பிறகு டெக்சாஸ் படையே அவர் குடும்பத்தைச் சந்தேகித்து ஊரை விட்டுத் துரத்தியது. 1837இல் லூசியானாவில் இறந்தார். அவருக்கு எந்தப் பச்சோந்திப் பட்டமும் இல்லை, ஏனென்றால் அவர் நிறம் மாறவில்லை, அப்படியிருந்தும் துரத்தினார்கள்.

மார்ச் 10, சற்று நேரம் கழித்து

1813ஐ விட்டுவிட்டேன். அதைச் சொல்லாமல் பேஹார்க்காரர்களின் மனத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

ஸ்பெயினை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியை 1813 ஆகஸ்ட் 18இல் மெதீனா போரில் ஜெனரல் ஆரெதொந்தோ முறியடித்தார். பிறகு பேஹாருக்குள் நுழைந்து ஆண்களைச் சுட்டுக் கொன்றார். பெண்களை லா கின்தா எனப்பட்ட கட்டடத்தில் அடைத்து, தம் வீரர்களுக்காகச் சோளம் அரைத்து ரொட்டி சுடவைத்தார். செகீனுக்கு அப்போது ஆறு வயது, எஸ்பார்சாவும் சிறுவன்தான். ஆரெதொந்தோவின் படையில் ஓர் இளம் அதிகாரி இருந்தார். பெயர் அன்டோனியோ லோப்பெஸ் தே சாந்தா அன்னா.

இருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின் அதே மனிதர் அதே ஊருக்குப் படையோடு வந்தபோது, சிலர் துப்பாக்கி எடுத்ததும், பலர் வண்டி கட்டிக்கொண்டு பண்ணைகளுக்குப் போனதும், எஞ்சியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டதும் ஒரே நினைவிலிருந்து பிறந்தவை.

மார்ச் 17

இந்தத் தன்னார்வலர்கள் நாள்தோறும் என்ன செய்தார்கள் என்று எழுதச் சொன்னீர்கள்.

பெரும்பாலானவர்கள் பண்ணைக்காரர்கள், மாடு மேய்ப்பவர்கள். குதிரையும் சேணமும் அவரவருடையவை. சீருடை கிடையாது. பீரங்கிக்குப் பக்கத்தில் நிற்பதைவிட, இவர்களால் மட்டுமே முடிந்த வேலைகள் வேறு இருந்தன. எந்த ஓடையில் தண்ணீர் இருக்கும், எந்தப் பண்ணையில் சோளம் இருக்கும், இரவில் எந்தத் தடத்தில் போனால் ரோந்துப்படை கண்ணில் படாது என்பதெல்லாம் தெரிந்தவர்கள் இவர்கள். ஒற்று, தூது, உணவு திரட்டுதல், எதிரியின் குதிரைகளை ஓட்டிவருதல். எராஸ்மோவின் பண்ணை டெக்சாஸ் படைக்குத் தானியமும் மாடுகளும் கொடுத்தது. வரலாற்றுப் படங்களில் தானிய மூட்டையை யாரும் வரைவதில்லை.

செகீன் அலமோவில் இறக்காததற்கும் இந்தத் தூது வேலையே காரணம். முற்றுகையின் மூன்றாம் நாள், பிப்ரவரி 25 இரவு, உதவி கேட்டு யாரை அனுப்புவது என்ற பேச்சு எழுந்தது. ஸ்பானிய மொழியும் உள்ளூர் வழக்கமும் அறிந்தவர் உள்ளே தேவை என்று கோட்டைத் தளபதி டிராவிஸ் தயங்கினார். ஆனால் அந்தக் காரணங்களே அவரை வெளியே அனுப்பவும் பொருத்தமானவராக்கின. நோயுற்றுப் படுத்திருந்த பௌயியின் குதிரையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அன்டோனியோ குருஸ் என்பவருடன் புறப்பட்டார். வழியில் எதிர்ப்பட்ட மெக்சிகோ ரோந்துக்காரர்களிடம் ஸ்பானிய மொழியில் இயல்பாகப் பேசிக்கொண்டே நெருங்கி, திடீரென்று குதிரையைத் தட்டிவிட்டுத் தப்பினார்கள் என்று சொல்லப்படுகிறது. கொன்சாலஸ் ஊரில் அவர் ஆள் சேர்த்துக்கொண்டிருக்கும்போதே அலமோ வீழ்ந்துவிட்டது.

மார்ச் 19

அலமோவுக்குள் எத்தனை டெஹானோக்கள் இருந்தார்கள் என்பதில் ஒரு முடிச்சு உண்டு. மார்ச் 3ஆம் தேதி டிராவிஸ் எழுதிய கடிதத்தில், கோட்டைக்குள் இப்போது மூன்று மெக்சிகர்களே இருக்கிறார்கள் என்றும், நம்மோடு சேராத பேஹார் மக்களைப் பகைவர்களாக அறிவித்து அவர்கள் சொத்தைப் போர்ச்செலவுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் இறந்தவர்களாக அறியப்படும் பெயர்கள் அதைவிடக் கூடுதல்: கிரெகோரியோ எஸ்பார்சா, தொரீபியோ லொசோயா, ஹுவான் அபமீயோ, ஹுவான் அன்டோனியோ பதீயோ, அன்டோனியோ புவென்தேஸ், ஆந்திரேஸ் நாவா, கார்லோஸ் எஸ்பாலியெர்.

டிராவிஸ் எண்ணத் தவறினாரா, எண்ணத் தகுந்தவர்களாக நினைக்கவில்லையா என்று நான் முதலில் கோபப்பட்டேன். பிறகு என்ரிக்கேயின் நினைவுகளில் ஓரிடம் கண்ணில் பட்டது. முற்றுகையின் நடுவே சில நாள் சண்டை ஓய்ந்திருந்தபோது, விரும்புகிறவர்கள் வெளியேறலாம் என்று பௌயி சொன்னதாகவும், சிலர் போனதாகவும், தந்தை போக மறுத்ததாகவும் அவர் சொல்கிறார். பலர் போனதைப் பார்த்த கசப்பில் எழுதிய எண்ணாக அது இருக்கலாம். என் கோபத்தைப் பாதி திரும்பப் பெறுகிறேன். சொத்தைப் பறிப்பது பற்றிய வாக்கியத்துக்கான பாதி அப்படியே இருக்கட்டும். 1842இல் அது தேவைப்படும்.

லொசோயாவைப் பற்றி ஒரு வரி. அலமோ வளாகத்துக்குள் இருந்த வீரர் குடியிருப்பில் பிறந்தவர் அவர். மெக்சிகோவின் அலமோப் படைப்பிரிவில் வேலை பார்த்து, அதை விட்டுச் செகீனிடம் சேர்ந்து, பிறந்த வளாகத்திலேயே இறந்தார். இந்த வளாகத்துக்கு அலமோ என்ற பெயர் வந்ததே, பாராஸ் ஊருக்கு அருகிலிருந்த அலமோவிலிருந்து வந்து இங்கே தங்கிய அந்தக் குதிரைப்படைப் பிரிவால்தான்.

மார்ச் 27

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தபோது, டெஹானோக்களைக் கறைபடாதவர்களாகக் காட்டிவிட்டேனோ என்ற உறுத்தல் ஏற்பட்டது. அடிமை முறையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

மெக்சிகோ 1829இல் அடிமை முறையை ஒழித்தது. டெக்சாஸுக்கு விலக்கு வாங்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டே, அடிமைகளை ஒப்பந்தத் தொழிலாளர் என்ற பெயரில் கொண்டுவர வழிசெய்த மாநிலச் சட்டம் நிறைவேறத் துணைநின்றவர் நவாரோ. பருத்தி விளைந்தால் பேஹார் பிழைக்கும், பருத்திக்காரர்கள் அடிமைகள் இல்லாமல் வர மாட்டார்கள் என்பது ஊர்ப் பெரிய குடும்பங்களின் கணக்கு. அந்தக் கணக்கில் செகீன் குடும்பமும் ஆஸ்டினுக்குத் துணையாகவே நின்றது.

பிறகு 1836 குடியரசின் அரசியலமைப்பு, ஆப்பிரிக்கர்களையும் அவர்கள் வழிவந்தவர்களையும் பழங்குடியினரையும் குடிமக்கள் பட்டியலிலிருந்து நீக்கியது. போரில் பங்கேற்பதைத் தவிர்க்க ஊரை விட்டுப் போனவர்களும் எதிரிக்கு உதவியவர்களும் குடியுரிமையையும் நிலத்தையும் இழப்பார்கள் என்றது. இந்தக் கடைசி விதி டெஹானோக்களின் தலைக்கு மேல் தொங்கிய கத்தி. யார் உதவினார், யார் தவிர்த்தார் என்பதைச் சொல்லப்போகிறவர்கள் பக்கத்து நிலத்தின் மேல் கண் வைத்திருந்த புதியவர்கள். வெள்ளையர் என்ற வட்டத்துக்குள் தாங்கள் இருக்கிறோம் என்று நம்பி மற்றவர்களை வெளியே நிறுத்தியதற்கு உடன்பட்டவர்கள், அந்த வட்டம் இன்னும் சுருங்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

சான் ஹசிந்தோ நாள். 1836இல் இதே நாளில் அங்கே டெக்சாஸ் படை சாந்தா அன்னாவை வென்றது. போர்க்களத்துக்கு ஒருமுறை போயிருக்கிறேன். சதுப்புநிலம், கொசு, நடுவில் வானத்தைத் தொடும் நினைவுத்தூண். பதினெட்டு நிமிடப் போருக்கு இத்தனை உயரமா என்று கூட வந்த என் தந்தை கேட்டார்.

போருக்கு முன், செகீனின் இருபது பேர் அளவிலான சிறு படையை முகாமில் நோயாளிகளுக்கும் சுமைகளுக்கும் காவலாக நிறுத்திவைக்க டெக்சாஸ் படைத்தலைவர் சாம் ஹியூஸ்டன் எண்ணினார். சண்டையின் வெறியில் நம் ஆட்களே இவர்களை எதிரி என்று நினைத்துச் சுட்டுவிடுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். செகீனும் அன்டோனியோ மென்ச்சாகாவும் மறுத்தார்கள்: எங்கள் ஆட்கள் அலமோவில் இறந்திருக்கிறார்கள், எங்கள் ஊர் எதிரியின் கையில் இருக்கிறது, காவல் காக்க வரவில்லை. ஹியூஸ்டன் இணங்கினார். ஒரு நிபந்தனையாக, அடையாளத்துக்குத் தொப்பிப் பட்டையில் ஓர் அட்டைத் துண்டைச் செருகிக்கொண்டார்கள். அப்படித்தான் களத்துக்குள் போனார்கள்.

அந்த அட்டைத் துண்டைப் பற்றி நான் நிறைய நினைத்ததுண்டு. அது பகலில், போர்க்களத்தில், ஒருநாள் காப்பாற்றியது. மறுநாள் தொப்பியிலிருந்து எடுத்த பிறகு அவர்களை அடையாளம் காட்ட எதுவும் இல்லை.

ஏப்ரல் 23

கேள்விக்கு வருகிறேன்: 1837 முதல் 1842 வரை.

வெற்றிக்குப் பின் செகீன் பேஹாரின் படைத்தலைவரானார். ஊரை இடித்துத் தரைமட்டமாக்கி மக்களைக் கிழக்கே அனுப்ப வேண்டும் என்று டெக்சாஸ் தளபதி ஒருவர் ஆணையிட்டபோது, ஹியூஸ்டனிடம் முறையிட்டு அதைத் தடுத்தார். 1837 பிப்ரவரி 25இல் அலமோவில் எரிந்தவர்களின் சாம்பலைப் பெட்டியில் வைத்து இறுதிச் சடங்கு நடத்தி, ஸ்பானிய மொழியில் இரங்கலுரை ஆற்றினார். அதே ஆண்டு குடியரசின் செனட்டுக்குத் தேர்வானார். அங்கிருந்த ஒரே டெஹானோ அவர்தான். ஆங்கிலம் தெரியாததால் மொழிபெயர்ப்பாளரோடு அமர்ந்து ராணுவக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். தம் மக்கள் எந்தச் சட்டங்களுக்கு அடங்க வேண்டுமோ அவற்றை அவர்கள் படிக்கும் மொழியில் அச்சிடுங்கள் என்று அங்கே கேட்டார். 1839இல் ஓர் ஊருக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

1840இல் செனட்டிலிருந்து விலகி, மெக்சிகோவின் வடக்கே கூட்டாட்சிக்காகப் போரிட்ட ஜெனரல் கனாலெஸுக்கு உதவப் போனார். தோல்வி, கடன். இது அவருடைய தவறான கணக்கு என்றே நினைக்கிறேன். திரும்பிவந்து சான் அன்டோனியோவின் மேயரானார். கிழக்கிலிருந்து வந்தவர்கள் டெஹானோக்களின் வீடுகளிலும் நிலங்களிலும் புகுந்தபோது, அவர்கள் ஓடிவந்தது மேயரிடம்தான். அவர் எதிர்த்தார், பகை சேர்ந்தது. 1842 மார்ச்சில் மெக்சிகோத் தளபதி வாஸ்கேஸ் ஊரை இரண்டு நாள் பிடித்துவைத்தார். போகிற போக்கில், செகீன் எங்கள் ஆள் என்று சொல்லிவிட்டுப் போனார். இதைவிட மலிவான ஆயுதம் இல்லை. செகீனைத் தேடிக் கும்பல்கள் பண்ணை பண்ணையாக அலைந்தன. ஏப்ரல் 18இல் மேயர் பதவியை விட்டு விலகி, எல்லை கடந்தார்.

அங்கே அவரைக் கைது செய்தார்கள். சிறையா, படையா என்ற தெரிவை வைத்தார்கள் என்று 1858இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பில் எழுதுகிறார். பெருங்குடும்பம், கையில் காசில்லை. படையைத் தெரிந்துகொண்டார். செப்டம்பரில் ஜெனரல் வோலின் படையோடு சான் அன்டோனியோவுக்குள் நுழைந்தவர்களில் அவரும் ஒருவர்.

ஏப்ரல் 24

நேற்றைய குறிப்பு செகீனின் பக்கமே சாய்ந்திருக்கிறது. சிறை அல்லது படை என்பது அவர் சொல். தம் ஊருக்குத் திரும்பிய பிறகு, தம்மை மன்னிக்க வேண்டியவர்களுக்காக எழுதியது. வோலின் படையெடுப்பில் அவர் வெறுமனே கூட வந்த கைதியாக இல்லை. பேஹாரிலிருந்து வெளியேறியவர்களைக் கொண்ட ஒரு குதிரைப்படைக்குத் தலைமை தாங்கினார். செப்டம்பர் 18இல் சலாதோ ஓடையருகே டாசனின் டெக்சாஸ் ஆட்கள் முப்பத்தாறு பேரை மெக்சிகோப் படை கொன்றது. அந்தக் குடும்பங்கள் செகீனை மன்னிக்கவில்லை என்றால் அவர்களோடு நான் வழக்காட முடியாது. 1846 முதல் 1848 வரையிலான அமெரிக்க-மெக்சிகோ போரிலும் அவர் மெக்சிகோ பக்கமே நின்றார்.

ஆனால் பச்சோந்தி தன் பாதுகாப்புக்காக நிறம் மாறும். செகீன் மாறிய ஒவ்வொரு முறையும் தோற்கப்போகிற பக்கமோ, தம்மை நம்பாத பக்கமோதான் போய்ச் சேர்ந்தார். ஒவ்வொரு மாற்றத்திலும் முந்தையதைவிடக் குறைவாகவே அவரிடம் மிஞ்சியது. இதற்குத் தமிழில் வேறு சொல் தேட வேண்டும். அகதி என்பது பாதி பொருந்துகிறது. சொந்த மண்ணிலேயே அயலானாகிவிட்டேன் என்ற பொருளில் அவரே எழுதியிருப்பது மீதிப் பாதிக்குப் பொருந்துகிறது.

மே 5

செகீன் ஊருக்குப் போய்வந்தேன். பூங்காவில் குதிரைமேல் வாளோடு சிலை. சற்றுத் தள்ளி நீதிமன்றத்தருகே பீக்கன் கொட்டை ஒன்றின் பெருஞ்சிலை. ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய பீக்கன் என்று பெருமை பேசியது. என் மகள் செகீனோடு ஒன்றும் பீக்கனோடு நான்குமாகப் படம் எடுத்துக்கொண்டாள்.

போர் முடிந்த 1848இல் அவர் திரும்பிவர அனுமதி கேட்டு வந்துசேர்ந்தார். 1852இல் பேஹார் மாவட்டத்தில் அமைதி நீதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். துரோகி என்று எல்லாரும் நினைத்திருந்தால் வாக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. டெஹானோக்களின் வாக்கு என்பது விடை. முதுமையில் எல்லைக்கு அப்பால் நுவேவோ லாரேதோவில் மகனோடு இருந்து, 1890 ஆகஸ்ட் 27இல் இறந்தார். 1974இல் எலும்புகளைக் கொண்டுவந்து, 1976இல் இந்த ஊரில் புதைத்தார்கள். நாள், ஜூலை 4. அமெரிக்க விடுதலையின் இருநூறாவது ஆண்டுநாள். அமெரிக்காவை எதிர்த்துப் போரிட்ட மனிதருக்கு அந்த நாளைத் தேர்ந்தெடுத்தவர்கள் இதை யோசித்தார்களா, யோசிக்கவில்லையா என்று திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

சாம்பலைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. சான் பெர்னாண்டோ பேராலய வாசலில் பளிங்குப் பேழை ஒன்றில் அலமோ வீரர்களின் எச்சங்கள் என்று வைத்திருக்கிறார்கள். 1936இல் பீடத்தருகே தோண்டியபோது கிடைத்த கருகிய எலும்புகள் அவை. அங்கேதான் புதைத்தேன் என்று முதிய வயதில் செகீன் ஒரு கடிதத்தில் எழுதினார். ஆனால் 1837ஆம் ஆண்டுச் செய்தித்தாளோ, சாம்பல் கிடந்த இடத்திலேயே புதைத்ததாகச் சொல்கிறது. ஐம்பதாண்டு கழித்து எழுதியவரை நம்புவதா, அன்றைய செய்தியாளரை நம்புவதா? எனக்குச் செய்தித்தாள் பக்கம் சாய்வு. பேழையருகே மெழுகுவர்த்தி ஏற்றியவர்களிடம் இதைச் சொல்லவில்லை.

மே 6

ஒரு திருத்தம். மார்ச் 19ஆம் தேதி எழுதிய பெயர்ப்பட்டியலில் தமாசியோ ஹிமேனெஸ் விடுபட்டுவிட்டார். அவர் பெயர் 1980கள் வரை எந்த நினைவுக்கல்லிலும் இல்லை. நில உரிமை கோரி அவர் வாரிசுகள் கொடுத்த பழைய மனு ஒன்று மாவட்ட நீதிமன்ற ஆவணங்களில் அகப்பட்ட பிறகே அவரும் அலமோவில் இறந்தவர் என்று ஏற்றுக்கொண்டார்கள். பட்டியலில் அவரையும் சேர்த்துப் படித்துக்கொள்ளவும்.